பை ஆழம், கை கட்டை

"காசு மரத்தில் காய்க்காது, மேட்" என்கிறான் வெய்ன்,
பேரி மரத்தடியில் நின்றுகொண்டு.
ஷெப்பர்ட்டனில் காலை ஏழு மணி.
ஏணியின் ஒன்பதாம் படியில் நான்,
கழுத்துப் பையில் இருபது கிலோ பச்சைக்காய்.
பெட்டி நிறைந்தால்தான் கூலி.
வேறெங்கே காய்க்கிறது என்று
அவனைக் கேட்க எனக்கு இங்கிலீஷ் காணாது.

வந்த புதிதில் ஒருவன்
ஒரு அன்னாசி கடனாகத் தா என்றான்.
சந்தையில் மலிவு, வாங்கலாமே என்றேன்.
ட்ராக்டரில் சாய்ந்து சாய்ந்து சிரித்தான்.
மஞ்சள் ஐம்பது டொலர்த் தாளுக்கு அன்னாசி என்று பேர்.
சிவப்பு இருபது, சிங்கிறால்.
முல்லைத்தீவில் சிங்கிறால் பிடித்தவன் நான்.
ஒன்றைக்கூட மடித்துச்
சட்டைப் பையில் வைத்ததில்லை.

அன்னாசியின் முள்ளுப்பக்கம் கிடைத்தது என்றால்
ஏமாந்துபோனாய் என்று அர்த்தமாம்.
அதை மட்டும் யாரும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை.
முந்தின கொன்ட்ராக்டர்
எங்கள் மூன்று கிழமைக் கூலியோடு
மில்டூராப் பக்கம் போனவன், போனவன்தான்.

ஜவாத் பழைய டொயோட்டா ஒன்று வாங்கினான்.
"ஒரு கையும் ஒரு காலும் கேட்டிருப்பானே" என்றான் வெய்ன்.
ஜவாத் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தான்,
இரண்டு விரல் காபூலோடு சரி.
"முற்பணம் கட்டியாச்சு" என்றான்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
பிறகு அவனே தொடக்கிவைத்தான்.

வெள்ளி பின்னேரம் பப்பில்
"மை ஷவுட்" என்றான் வெய்ன்.
கத்தப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
கத்தவில்லை.
ஐந்து கிளாஸ் வந்தது, காசு அவன் கொடுத்தான்.
அடுத்த வெள்ளி இன்னொருவன் கத்தாமல் கத்தினான்.
அதற்கடுத்தது ஜவாத், தனக்கு மட்டும் லெமனேட்.
நாலாம் வெள்ளி எல்லோரும் என்னைப் பார்க்காமல் பார்த்தார்கள்.
பை ஆழம், கை கட்டை:
கஞ்சனுக்கு இங்கே அப்படித்தான் சொல்லுகிறார்கள்.

அந்த நேரம் பார்த்து
ஊரிலிருந்து மச்சினனின் குரல், போனில்:
"கூரைக்கு ஓடு போடோணும், அத்தான்.
உங்களுக்கென்ன,
அங்க காசு மரத்திலயெல்லோ காய்க்குது."

"மை ஷவுட்" என்றேன்.
அலைக்கு மேலால் அடுத்த வள்ளத்தைக் கூப்பிட்ட தொண்டை.
பப் முழுக்கத் திரும்பியது.
டீவியில் ஓடிய குதிரைகூட
ஒரு கணம் தயங்கினாற்போல இருந்தது.

அன்னாசி போனது.
மிச்சம் ஒரு டொலர்க் குத்தி.
அதில் ஐந்து கங்காரு,
ஒன்றுகூட ஒரு இடத்தில் நிற்கவில்லை.

மச்சினனுக்குப் பதில் போட்டேன்:
"ஓமடா, காய்க்குதுதான்.
பழுக்க முதல் பறிக்கோணும்."
என்ன விளங்கினதோ,
ஒரு கட்டைவிரல் அனுப்பியிருந்தான்.

திங்கள், வெயில் ஏற முதல் ஏணி சாத்தினேன்.
உச்சிக் கிளையில் நாலு காய்.
நுனிக்காலில் நின்றும்
எட்டவில்லை.