மூன்று பிரதி

லீக் பதிவு முடிய ஆறு நாள்.
மெஷினுக்கு மை பற்றாது.
ஓட்டமாவடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
போட்டோக்கொப்பி ஒழுங்காய் வருவது
என் கடையில் மட்டும்தான்.
அதனால் கழகங்களின் இரகசியமெல்லாம்
ஒரு தரம் சூடாகி
என் கையில் விழுந்துதான் வெளியே போகும்.

வெண்மதிக் கழகத்தின் கடிதத் தலைப்பில்
போஷகர் மூவர், தலைவர், உபதலைவர் நால்வர்,
பெயர்களே பாதித் தாளைத் தின்றுவிடும்.
பந்து ஒன்றுதான்.
பஸ் இரண்டு வைத்திருப்பதால் மனேஜர், மனேஜர்.
கோச்சின் பெயரை மட்டும் அச்சடிப்பதில்லை,
பேனையால் எழுதுவார்கள்;
போன வருடத்தவரை அழித்த தடம்
பிரதியில் நிழலாய்த் தெரியும்.

சீ-கிங்ஸ் அப்படியில்லை.
ஆள் தேடவென்றே ஓர் ஆள், சபருல்லா.
முட்டை லொறியில் வாகரை றோட்டால் போவார்,
கடைக்குக் கடை தட்டு இறக்குகிற நேரத்தில்
மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.
அவருடைய தாள்:
மாங்கேணி. ஓட்டம் நல்லம். சப்பாத்து இல்லை, அளவு எட்டு.
பனிச்சங்கேணி. உயரம். கோபக்காரன்.
கதிரவெளி. இடக்கால். பயமில்லை.
உடைந்தது நாற்பது.

இந்த வருடம் ஊர் முழுக்க ஒரே பேர், பவிராஜ்.
சலூனில் அவன் விலை ஒரு லட்சம்,
மீன் சந்தைக்கு வர ஒன்றரை.
கொழும்பிலிருந்து அவனைப் பார்க்க வேன் வந்ததாம்,
வேனின் நிறம்கூடச் சொன்னார்கள்.
அது பல் டொக்டரின் வேன்.
"நம்மட பொடியன் எங்கயும் போகமாட்டான்" என்றார்
வெண்மதித் தலைவர்.
அன்றைக்கே வந்து
வேறொரு முன்னணி வீரனின் அடையாள அட்டையைப்
பிரதி எடுத்துக்கொண்டு போனார்.

"ராத்தா, ஆருக்கு எழுதிக் குடுத்திருக்கான்?"
ஒரு பக்கம் பத்து ரூபா, என்பேன்.
இரண்டு பக்கமும் என்றால் பதினைந்து.

உண்மையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
விலகல் கடிதத்தை அவன்
மூன்று பிரதி எடுத்திருந்தான்.
மாப்பிள்ளையிடமும் சொல்லவில்லை.
சொல்லாமல், இரவு படுத்தபடி எண்ணினேன்.
ஒன்று சீ-கிங்ஸ். ஒன்று கொழும்பு.
மற்றது ஆர்?
ஊர் சலூனில் செய்ததை
நான் தலையணையில் செய்துகொண்டிருந்தேன்.

கடைசி நாள், லுஹர் பாங்கு சொல்ல
கதவை அரைவாசி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தான்.
ஐஸ் பெக்டரி விரல்கள், நுனி வெடித்து வெளிறி.
படிவத்தை மேசையில் வைத்தான்.
சேரும் கழகம்: புலிபாய்ந்தகல் ஐக்கியம்.
மூன்றாம் பிரிவு.
போன வருடம் ஒரே ஆட்டத்தில்
பன்னிரண்டு கோல் வாங்கிய அணி.

காரணம் என்ற இடத்துக்கு
லீக் ஒரு வரிதான் விட்டிருக்கிறது.
பேனையின் மூடியைக் கடித்தபடி நின்றான்.
"என்னண்டு எழுதுற அக்கா?
இஞ்ச எல்லாரும் பின்னேரம்தான் ப்ராக்டிஸ்.
எனக்கு நாலு மணிக்கு ஷிப்ட்.
விடிய ஐஸ் லொறி அந்தப் பக்கம் போகும்,
முன்னுக்கு ஏத்துவாங்க, காசு எடுக்காங்க.
அங்க பொடியன்மார்
வயலுக்குப் போக முதல் விளையாடுறவங்க."

சீ-கிங்ஸ் தருவதாய்ச் சொன்ன காசு?
"சொன்னவங்க" என்றான்.

அப்போதுதான் கேட்டேன்,
ஆறு நாளாய் நாக்கின் கீழ் வைத்திருந்ததை:
மூன்று பிரதி எதுக்கு?

"லீக்குக்கு ஒண்டு. கழகத்துக்கு ஒண்டு.
மற்றது, மழையில நனைஞ்சா."

காரணத்துக்கு நேரே எழுதினான்:
போக்குவரத்து.
மெஷினின் பச்சை வெளிச்சம்
அந்தச் சொல்லின் மேலால் ஒரு தரம் போய் வந்தது.
சூடான தாளை மடிக்காமல், ஊதி ஊதி
வெயிலுக்குள் இறங்கினான்.

அன்று பின்னேரம் சலூனில் அவன் விலை
இரண்டு லட்சத்தைத் தாண்டியதாகக் கேள்வி.
மறுகா நான் மைப்பெட்டியைக் கழற்றிக்
குலுக்கிப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் கிடக்கிறது.