மூன்று சொல்

கிரிம்ஸ்பி துறைமுகம். காலை ஐந்தரை.
மீன் வெட்டும் கொட்டகையில்
பனிக்கட்டியை மண்வாரியால் அள்ளும் சத்தம்.
லண்டனிலிருந்து வந்த புது மேலாளர் பியர்ஸ்
ஆளுக்கொரு படிவம் கொடுத்துவிட்டுப் போனார்:
'பக்கத்து மேசைக்காரரை மூன்று சொல்லில் விவரி.'
நனையாத காகிதமாகக் கொடுத்திருக்கலாம்.

எங்களுக்கு எதற்கு மூன்று?
ஆளுக்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது.
கார்த் ட்ரூரி, குட்டைத் திரி.
பற்றவைத்தவன் திரும்பி ஓடுவதற்குள் வெடித்துவிடுவான்.
வெடித்த கையோடு எல்லோருக்கும் தேநீர் போடுவான்.
லினெட்டுக்குத் தோளில் ஒரு மரச்சில்லு.
எந்தக் காலத்துக் கோபமோ, யார் வைத்ததோ,
தட்டிவிடப் போனவன் கையில்தான் சிலாம்பு ஏறும்.
பொட்டலம் கட்டும் டெஸ்மண்ட், கட்டவிழ்ந்த பீரங்கி.
கப்பல் ஆடும்போது தளமெங்கும் உருண்டு
தன் ஆட்களையே நசுக்கும் இரும்பு.
கிறிஸ்துமஸ் விருந்தில் முதலாளியின் மனைவியிடம்
அவன் சொன்னது
இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது.
நான் ஈரப் போர்வை.
யாராவது சிரிக்கத் தொடங்கினால்
மழை வரும் என்பேன்.
வந்திருக்கிறது. பெரும்பாலும்.

எங்கள் பேச்சில் ஆளைச் சொல்ல
ஆள் போதாது.
வெடிமருந்து வேண்டும், விறகு வேண்டும்,
கம்பளி வேண்டும்.
டெஸ்மண்டின் மகனுக்கு, வேலைக்குப் போகாதவனுக்கு,
ஒரு சோபாவும் ஒரு உருளைக்கிழங்கும்.

என் பக்கத்து மேசை மேவிஸ் ஓட்லிங்.
அவள் குளிர்ந்த மீன்.

புதன்கிழமை புருஷனை அடக்கம் செய்துவிட்டு
வியாழன் ஐந்தரைக்கு வந்து நின்றாள்,
கத்தியைத் தீட்டி, ஏப்ரனை இறுக்கி.
லினெட் கட்டிப்பிடிக்கப் போனாள்.
கையெல்லாம் செதில் என்று சொல்லி
அரை அடி தள்ளி நின்றாள் மேவிஸ்.
அன்று விழுந்த பெயர்.
பதினொரு வருஷமாய் எழவில்லை.

இந்தச் சொல்லைச் செய்தவன்
மீனைத் தட்டில் மட்டும் பார்த்தவனாக இருக்க வேண்டும்.
எலுமிச்சை பிழிந்து, முள்கரண்டி குத்தி,
ஆறிப்போயிற்றே என்று முகம் சுளித்தவன்.
நான் இருபத்தாறு வருஷமாய் அறுக்கிறேன்.
குளிர்ந்த மீன் என்றால் நல்ல மீன்.
கண் தெளிந்திருக்கும், செவுள் சிவந்திருக்கும்,
அழுத்தினால் சதை விரலை எதிர்க்கும்.
சூடு ஏறிய மீனைக் கண்டுபிடிக்க
கடற்புறாக்களே போதும்.

ஒருநாள் அவளிடமே கேட்டேன்,
அந்தப் பெயர் காதில் விழுந்திருக்கிறதா என்று.
கத்தி நிற்கவில்லை. ஹாடக்கின் முள்ளை ஒட்டி
ஒரே இழுப்பில் வால்வரை போனது.
"சூடான மீனை யார் வாங்குவான்?" என்றாள்.
அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவளிடம்
ஒளித்துவைத்த பொன்மனம் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.
யாருக்கும் கடன் தரவில்லை.
வாசல் பூனைக்கு ஒரு தலைகூடப் போடவில்லை.
என் முழங்கால் அறுவைக்கு எல்லோரும் எழுதிய வாழ்த்தட்டையில்
'மேவிஸ் ஓட்லிங்' என்று முழுப்பெயர்,
வங்கிக்குக் கையெழுத்துப் போடுவதுபோல.

ஆனால் ஒன்று.
கடலில் உயிரோடு இருக்கும்போதும்
இந்த மீனுக்கென்று தனிச்சூடு கிடையாது.
தண்ணீர் நாலு டிகிரி என்றால் ரத்தமும் நாலு.
அந்த வியாழக்கிழமை
மேசைக்கு மேசை நாங்கள் நின்றதை நினைக்கிறேன்.
லினெட்டைத் தவிர
ஒருவரும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.
நான், மாலைக்குள் காற்று திரும்பும் என்றேன்.

படிவம் நனைந்து மேசையில் ஒட்டிக்கொண்டது.
கார்த் தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு
பரீட்சைப் பையன்போல எழுதுகிறான்.
மேவிஸ் எப்போதோ எழுதி மடித்துவிட்டாள்.
அவள் விவரிக்க வேண்டியது என்னைத்தான்.
முள் எங்கே இருக்கிறதென்று தெரிந்தவள்.

நான் பேனாவை உதறி
முதல் சொல்லை எழுதினேன்:
தெளிந்த கண்.

"அது இரண்டு சொல்,"
என்றாள் மேவிஸ்,
தலை நிமிராமல்.