தெரிந்த எடை

லெ போர் துறைமுகத்தின் மூன்றாம் எண் கிரேன்
பொய் சொல்கிறதென்றுதான்
தூத்துக்குடியிலிருந்து என்னை வரவழைத்தார்கள்.
இருபது டன்னைத் தூக்கிவிட்டு
இருபத்தொன்று என்று காட்டுமாம்.

வேலை எளிது.
தெரிந்த எடையைக் கொக்கியில் தொங்கவிடு.
எண்ணைப் பார். திருத்து.
மறுபடி தொங்கவிடு.

ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பேருந்தில் ஏறி
சேன் பெனுவாவில் மாறி
மேகத்துக்குள் நுழைந்து
பிளேன் தே பல்மிஸ்தில் இறங்கினேன்.
ஜூன் மாதம்; குளிர்.
இரண்டையும் ஒரே வரியில் எழுத
எங்கள் ஊர்க் கைக்கு இன்னும் பழகவில்லை.

சாலையோரம் ஒரு மேசை, ஒரு குடை,
வாளி வாளியாகச் சிவப்பு.
கோலிக்குண்டு அளவு, நுனியில் காய்ந்த சின்ன மகுடம்.
"கொயாவியே" என்றாள் மதாம் மர்தை.
மருதைதான்.
உகரம் மட்டும் வரும் வழியில்
கடலில் விழுந்துவிட்டது போல.
காட்டிலாகா இதை வேரோடு பிடுங்கச் சொல்கிறதாம்;
ஊர் இதற்கு வருடாவருடம் திருவிழா எடுக்கிறதாம்.
இரண்டுக்கும் அவள் ஒரே சிரிப்பைச் சிரித்தாள்.
கேட்காமலே ஒரு பிடி அள்ளி
உப்பும் மிளகாயும் இடித்த பொடியைத் தூவி
உள்ளங்கையில் வைத்தாள்.
முதல் கடியில் புளிப்பு.
பிறகு வந்தது என்னவென்று
அங்கேயே நின்று யோசித்ததில்
திரும்பும் பேருந்தைத் தவறவிட்டேன்.

இரவு, நான்காம் மாடி வாடகை அறை.
தட்டெல்லாம் எடுக்கவில்லை.
பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடி
ஒவ்வொன்றாக வாயில் போட்டேன்.
கடித்துத் துப்ப முடியாத விதைகள்,
விழுங்கவும் மனமில்லாத விதைகள்.
தொலைபேசியில் மெல்பா.

"எப்படிம்மா இருக்கு?"
"கொய்யா மாதிரி."
"ஐய, கொய்யாவா."
"இல்லடி. கொய்யாவைச் சின்னதாக்கி,
எலுமிச்சை ரெண்டு சொட்டு விட்டு,
அப்புறம்..."
அப்புறம் வரவில்லை.
"நாக்கக் காட்டு."
காட்டினேன்.
"கலரே ஒட்டல."
அவள் தன் நாக்கை நீட்டினாள்:
அப்பட்டமான நாவல்.
தெருமுனையில் கூறு பத்து ரூபாய்,
ரூபஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.
சாயம் ஒட்டாததெல்லாம்
அவள் கணக்கில் பழமே இல்லை.

படுத்தபின் தோன்றியது:
கொய்யாவைத் தொங்கவிட்டேன், முள் எங்கோ நின்றது.
எலுமிச்சையைச் சேர்த்தேன், கொஞ்சம் நகர்ந்தது.
மிச்சமிருந்த அந்த ஒரு டன்னுக்கு
என்னிடம் எடைக்கல் இல்லை.

அடுத்த ஞாயிறும் போனேன்.
அதற்கடுத்ததும்.
ஒருமுறை ஜாம் கிண்டினேன்; அடிப்பிடித்தது;
அறை முழுக்க மூன்று நாள்
கருகிய இனிப்பு வாசம்.
கிரேன்காரப் பையன்கள்
என் சட்டையை மோந்துவிட்டு
திருவிழாவா என்றார்கள்.

ஆகஸ்டில் வாளிகள் வற்றின.
சேன் போல் சந்தையில், கடல் பார்த்த கடையில்,
கொய்யா கிடைத்தது.
நம் கொய்யா, கைகொள்ளாத கொய்யா,
வெள்ளைச் சதை, பச்சைத் தோல்.
நடந்துகொண்டே கடித்தேன்.

என்னவோ பெரிதாக இருந்தது.
என்னவோ குறைந்தது.
கொயாவியேயைத் தண்ணீரில் ஊறப்போட்டு
ஊதிப் பெருக்கவைத்தது போல,
அந்தக் கடைசிக் கூர் இல்லாமல்.
நடு வழியில் நின்றுவிட்டேன்.
பின்னால் வந்த தள்ளுவண்டிக்காரர்
ஏதோ சொல்லி ஒதுங்கிப் போனார்.

முப்பத்தாறு வருடம் தின்ற பழம்.
அதைப் போய்
மூன்று மாதப் பழத்தைக் கொக்கியில் மாட்டி
எடை பார்க்கிறது வாய்.

"இன்னிக்கு என்ன பழம்?"
"கொய்யா."
"எப்படி இருக்கு?"
"கொயாவியே மாதிரி" என்றேன்,
சொன்னபிறகுதான் கேட்டது.
"ஐயோ, அப்பா, இந்தம்மாவப் பாருங்க" என்று
படம் ஆடி, கூரை தெரிந்து,
ரூபஸின் காது வந்தது.

நாளை மூன்றாம் எண்ணுக்குக்
கடைசிக் கையெழுத்து.
இருபதைத் தூக்கினால் இருபது காட்டுகிறது.
பல்லிடுக்கில் ஒரு விதை,
எதனுடையதென்று தெரியவில்லை,
நாக்கால் நெம்பிக்கொண்டே இருக்கிறேன்.