மற்றவை, குறிப்பிடுக

மூன்று ஆய்வுக்கும் கேள்வி கேட்கிற ஆள் நான்தான்.
உச்சிப்புளியில் பஸ் ஏறி, பாம்பனில் இறங்கி
சின்னப்பாலம் வரைக்கும் நடை.
நாளுக்கு நானூறு. சாப்பாடு என் செலவு.
விலங்கியல் படித்தவள்,
பாசி பெயரைப் பிழையில்லாமல் எழுதுவாளாம்.

முதல் ஆய்வில் நம்புசெல்வி ஒரு சதுரம்.
குருசடைத் தீவுக்கு இந்தப் பக்கம்
கடலை மீட்டர் மீட்டராக வெட்டினார் ஜெரால்டின்.
கயிற்றின் நாலு மூலையையும் அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு
கிடந்தாள் இவள், மூச்சு தாங்கும் மட்டும்.
மரிக்கொழுந்து பதினேழு சதவீதம்,
கட்டக்கோரை நாற்பது,
மீதி வெளுத்த பவளமும் மணலும்.
"போன ஐப்பசியில இங்க முட்டளவு தண்ணியிலயே
மரிக்கொழுந்து கிடந்துச்சு" என்றாள் மேலே வந்து.
அதற்கு அட்டவணையில் கட்டமில்லை.

இரண்டாவதில் அவள் ஒரு காது.
மதுரையிலிருந்து பெட்டியோடு வந்தார் இளம்பரிதி டாக்டர்.
புயல் காப்பகத்து மின்விசிறியை நிறுத்தினோம்,
சேவல்களை விரட்டினோம்,
பாலத்தில் ரயில் போய் முடியட்டும் என்று காத்திருந்தோம்.
சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும்.
வலது காதுக்கு விரல் டக்கென்று எழுந்தது.
இடதுக்கு எழவே இல்லை.
பிறகு எழுந்தது,
பெட்டி சும்மா இருந்தபோது.
"உள்ள எந்நேரமும் ஒண்ணு இரையுதுல்ல சார்,
அதுக்குத் தூக்கினேன்."
அதை மட்டும் என்னிடம் விடாமல்
தன் கையால் எழுதிக்கொண்டார்.

மூன்றாவதில் அவள் ஒரு நாள்,
நாற்பத்தெட்டு அரைமணிகள்.
மூன்றரைக்கு எழுந்தது. நாலுக்கு விரல்களில் துணி சுற்றியது.
காலில் அலுமினியத் தட்டு கட்டுவது
வேலையா, வேலைக்கான தயாரிப்பா?
வனத்துறைப் படகைப் பார்த்ததும்
பாசியைக் கடலிலேயே கொட்டிவிட்டு நீந்தி வந்தது
எந்தக் குறியீட்டு எண்?
சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டேன்.
"மற்றவை"யில் போடச் சொன்னார்கள்.
ஏஜென்ட்டிடம் முன்பணம் எவ்வளவு என்றதும்
அடுப்புப் பக்கம் போய்விட்டு வந்தாள்.
"முப்பதாயிரம்னு போடு."
"உள்ளதா அக்கா?"
"போடேன்."

மூன்று தாளிலும் தலைப்பில் ஒரே வாசகம்:
தாங்கள் கூறுவது ரகசியமாக வைக்கப்படும்.
அடியில் என் கையெழுத்து, ஹ. ஜெய்னம்பு.
"ஓம் பேர்லயும் நம்பு, எம் பேர்லயும் நம்பு,
யாரு யார நம்புறதுடி?" என்பாள்.

சதுரம் போட்டவருக்குக் காது தெரியாது,
காது பார்த்தவருக்குக் கடன்.
எனக்கு மூன்றும் தெரியும்.
தெரியும் என்றா சொன்னேன்? தெரிகிற மாதிரி இருக்கிறது.
கரையோரம் தீர்ந்ததால் ஆழத்துக்குப் போகிறாள்,
ஆழத்தில் காது போகிறது,
காது போன பிறகும் போகச் சொல்கிறது முன்பணம்.
ஆனால் ஒருத்தியை வைத்து எதையும் சொல்லக்கூடாது.
அதையும் ஜெரால்டின்தான் சொல்லித் தந்தார்.
நூற்று நாற்பது பேராவது வேண்டும்.
நூற்று நாற்பது பேரை எனக்குத் தெரியும்தான்.
கையெழுத்துப் போட்டிருக்கிறேனே.

பங்குனியில் காது அறிக்கை வந்தது,
அவரவர் உறையில், அவரவர் கையில் கொடுக்க.
நம்புசெல்வி பிரித்தாள். இங்கிலீஷ்.
நடுவில் கட்டம் போட்ட ஒரு படம்,
நீலப் பெருக்கல் குறிகள்
கொஞ்சதூரம் நேராகப் போய்
சட்டென்று கீழே விழுந்திருந்தன.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது நம்ம தீவடி தரையில்ல?
இந்தா, இதுவர காலு எட்டும்.
இதுக்கு அங்கிட்டு இறக்கம்.
இப்ப பாசி இங்கனதான் கெடக்கு."
இறக்கத்தின் மேல் நகத்தை வைத்தாள்.
துணி சுற்றிய ஈரம் விரலில் இருந்ததால்
அந்த இடம் ஊறியது.

"என்ன நம்பர் போட்டிருக்கு?"
"நாலாயிரம்."
"போடி, தப்பா எழுதிருக்கான்.
நாலு பாகந்தான்."