மீண்டும் நிகழ வைக்கும் முறை

அந்த உழவு மெசினின் பெயரை நான் சொல்லக்கூடாது.
பதினாலு பக்கம் கையெழுத்து வைத்திருக்கிறேன்.
நிறத்தைச் சொன்னாலே பிடித்துவிடுவீர்கள்,
அதனால் நிறத்தையும் விட்டுவிடுகிறேன்.

கரடிப்போக்குச் சந்தியில்
பசளைக் கடைக்கு மேல்மாடி எங்கள் ஒபிஸ்.
பன்னிரண்டு கணினி, ஒரு ஏசி,
கரண்ட் போனால் பதினொரு நிமிடம் தாங்கும் பற்றரி.
எங்கோ பனி கொட்டும் ஊரில் இருக்கிற கொம்பனி
சொந்தமாய் ஒரு விளையாட்டும் யோசிப்பதில்லை;
பெயர்களை வாடகைக்கு எடுக்கிறது.
போன வருடம் ஒரு பொம்மையின் பெயர்.
அதற்கு முதல் ஒரு பிஸ்கட்டின் பெயர்:
பிஸ்கட் ஓடும், தாவும், உடையக்கூடாது.
நொறுங்காத பிஸ்கட்டை மூன்று மாதம்
பள்ளங்களில் விழுத்திப் பார்த்தவள் நான்.
இந்த வருடம் மெசின்.

பெயரோடு சேர்ந்து வருகிறது விதிப்புத்தகம்.
சேறு படலாம், சில்லின் பாதி உயரத்துக்கு மட்டும்.
கறள் இல்லை. கறுப்புப் புகை இல்லை.
குடைசாயக்கூடாது.
டீசல் முடிந்தால் திரையில்
‘ஓய்வெடுக்கிறது’ என்றே வரவேண்டும்.
ஓட்டுநர் ஒருவர், சிரித்த முகம்.

செவ்வாய் இரவு, மற்றவர்கள் போன பிறகு,
ஏகாந்தன் சோதனைத் திரையைத் திறந்து
விளையாட்டுக் கிராமத்து ஆட்களை
ஒவ்வொருவராய்ப் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.
பாரம் தாங்குமோ என்று பார்க்கிறானாம்.
தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கமக்காரர்,
பால்காரி, தபால்காரன், பள்ளிக்கூடப் பிள்ளைகள்,
முப்பத்தொரு பேர்.
பக்கவாட்டில் தலைகீழாய் ஒரு சைக்கிள்.
ஒரு ஆடு.
வயது போனதுகளை முன்பலகையோடு சாய்த்திருந்தான்.
பின்பக்கம் தூக்கியடிக்கும், அதுதான், என்றான்.
பிள்ளைகள் நடுவில், மூட்டைகளுக்கிடையில்.
ஆர் உனக்கு இதெல்லாம் சொன்னது?
பதில் இல்லை. கியர் மாற்றினான்.
மெசின் இழுத்தது.
எல்லாரும் சிரித்தபடியே போனார்கள்.
வேறு முகம் அவர்களுக்கு நாங்கள் செய்யவில்லை.

பிழை பதிவது என் வேலை.
படிவம் கேட்கக் கேட்க எழுதினேன்.
கடுமை: உயர்வு.
எதிர்பார்த்தது: பெட்டியில் சரக்கு.
நடந்தது: பெட்டியில் சனம்.
மீண்டும் நிகழ வைக்கும் முறை:
ஒன்று,

ஒன்று என்று போட்டுவிட்டுக் கனநேரம் இருந்தேன்.
‘தை மாதத்தைத் தெரிவுசெய்யவும்’ என்று எழுதி அழித்தேன்.
‘விசுவமடுவில் ஏறவும்’ என்று எழுதி அழித்தேன்.
எனக்கு அப்போது நாலு வயது.
ஞாபகம் இருப்பது என் கன்னத்தில் இடித்த ஒரு முழங்கால்,
யாருடையது என்று தெரியாது.
பிறகு எழுதினேன்:
ஒன்று, பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கவும்.
இரண்டு, கூப்பிடவும்.

காலையில் பதில் வந்தது.
அருமையான கண்டுபிடிப்பு, நன்றி.
உரிமையாளர் பார்க்க முதல் திருத்தவும்.
பெட்டியில் ஆட்கள்: பூச்சியம்.
ஏகாந்தனுக்கு இரண்டு நிமிட வேலை.
இப்போது அந்த ஊர்ச் சனம் பெட்டியடிக்கு வந்தால்
இல்லாத சுவரில் முட்டி
நின்ற இடத்திலேயே நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது.
அதையும் பதிந்தேன். கடுமை: குறைவு.
ஒருவரும் திருத்தவில்லை.

பின்னேரம் பிளேன்ரீக்கு இறங்கினால்
பசளைக் கடை வாசலில் அதே பெயர்.
பெயரில் மூன்று எழுத்துத்தான் மிச்சம்,
மற்றது கறள். கறுப்புப் புகை.
உருத்திரபுரத்தில் களை பிடுங்கிவிட்டு வரும் பெண்கள்,
பெட்டியில் எட்டு, மட்கார்ட்டில் ஒருத்தி.
எண்ணுவது தொழில் வியாதி.
மட்கார்ட்டில் இருந்தவளின் போனில்
பிஸ்கட் ஓடிக்கொண்டிருந்தது.
நாலாம் கட்டம்; பாலம் தாண்ட
பார்வைக்குத் தெரியாத ஒரு பள்ளம் வரும்.
கவனம், என்று சொல்ல வாயெடுத்தேன்,
மெசின் வெளிக்கிட்டுவிட்டது.