லெக் அம்பயர்

காலையில் பவுன்ராஜ் போட்ட கோடு அது.
ஒரு பொட்டலம் சுண்ணாம்புத் தூள்,
மட்டையால் அளந்து, குனிந்து, மூச்சைப் பிடித்து.
துவரிமான் கண்மாயின் வெடித்த கரம்பையில்
நேராகத்தான் விழுந்தது.
நான் பார்த்தேன்.

பிறகு இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி.
மதியம் குறுக்கே போன செம்மறி மந்தை.
நாற்பத்துநான்கு பேரின் ஷூ, செருப்பு, வெறுங்கால்.
கடைசிப் பந்துக்கு
கோடு இருந்த இடத்தில்
கோடு இருந்தது என்ற நினைப்புத்தான் கிடந்தது.

ஒரு பந்து. கீழமாத்தூர் ஜெயிக்க இரண்டு ஓட்டம்.
மைக்கில் ஜெபராஜ், தொண்டை கட்டிப்போய்,
"எந்திரிங்கப்பா, உக்காந்து பாக்குற பந்தா இது" என்றான்.
உட்கார்ந்திருந்தது நாலே பேர்.
அதில் ஒருவர் கோப்பை கொடுக்க வந்தவர்.

சோணைமுத்து தூக்கி அடிக்கவில்லை.
தள்ளினான்.
கருவேலம்புதர் ஓரம் பந்து உருள
முதல் ஓட்டத்துக்குப் புழுதிகூடக் கிளம்பவில்லை.
எண்பத்தேழு. மேலக்காலும் எண்பத்தேழு.
அங்கேயே நின்றிருக்கலாம்.
ஆளுக்கு ஆறு விக்கெட்,
காசு சுண்டி முடித்திருப்பார்கள்.
திரும்பிவிட்டான்.

எறிந்தது யாரென்று தெரியாது. பிடித்தது சிக்கந்தர்.
ஸ்டம்பு மூன்றும் சாய்ந்ததும்
இவன் வயிற்றால் மண்ணை உழுது வந்ததும்
ஒரே மூச்சில் சொன்ன இரண்டு சொல்.
எது முந்தி?
கண்மாய் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

நாகமலை முதுகில் வெயில், என் கண்ணுக்கு நேரே.
நான் ரேஷன் கடையில் எடை போடுகிறவன்.
பதினேழு வருஷம், முதலில் முள்,
பிறகு சிவப்பாய் மினுங்கும் இலக்கம்.
பார்த்துப் பழகின கண்ணுய்யா என்று
கமிட்டிக்காரர்கள்தான் நிறுத்தினார்கள்.
விரல் உயர்ந்தது.
உயர்த்தினேன் என்று சொல்வதுதான் முறை.

நோட்டீசில், ஸ்பான்சர் பெயர்களுக்கும் கீழே, ஆறாவது விதி:
ஓட்டம் சமமானால்
விக்கெட் குறைவாய் இழந்த அணிக்கே கோப்பை.
ஆறுக்கு ஏழு.
மேலக்கால் பையன்கள் சரவெடியைப் பற்றவைத்தார்கள்.
பரிசு ஆட்டுக்கிடாய் அரண்டு
முளைக்குச்சியோடு ஓடியது, அதை நாலு பேர் துரத்தினார்கள்.

அவன் சண்டைக்கு வரவில்லை.
மட்டையைத் திருப்பி நுனியைக் காட்டினான்.
வெள்ளை.
காலையிலிருந்து எத்தனை முறை உரசிய மட்டை.
எந்தப் பந்தின் வெள்ளை நீ என்று
வெள்ளையிடம் கேட்க முடியுமா?

ராத்திரி வந்தது வீடியோ.
யாரோ நிறுத்தி, பெரிசாக்கி,
சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.
ஒரு படத்தில் ஸ்டம்பு நிற்கிறது, மட்டை வெளியே.
அடுத்ததில் ஸ்டம்பு கிடக்கிறது, மட்டை உள்ளே.
நடுவில் ஒரு படம்
எடுக்கப்படவே இல்லை.
அந்த இடத்தில்தான் நின்றிருக்கிறேன்,
வெள்ளைச் சட்டையும் இரவல் தொப்பியுமாய்.

நிஜத்தில் என்ன பார்த்தாய் என்று
வீட்டில் கேட்டாள், மாவு அரைக்கிற சத்தத்துக்கு மேலே.
ஸ்டம்பு விழுந்த சத்தத்தைப் பார்த்தேன்.
அதை அவளிடம் எப்படிச் சொல்ல?
அவுட்டுதான் என்றேன்.

புதன்கிழமை கடைக்கு வந்தான் சோணைமுத்து.
முழங்கைச் சிராய்ப்பு காய்ந்து கறுத்திருந்தது.
கார்டை நீட்டினான். இரண்டு கிலோ சீனி.
தராசு 1.995 என்றது.
2.000 என்றது.
மறுபடி 1.995.
மின்விசிறியை அணைத்தேன். அப்படியும் தடுமாற்றம்.
வரிசையில் தலைகள் எட்டிப் பார்த்தன.
மூட்டைக்குள் கரண்டியை விட்டபடி
நான் அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.
"விடுங்கண்ணே" என்று பையை எடுத்துக்கொண்டான்.
"அது நிக்காது."

தட்டில் நாலைந்து மணி சீனி ஒட்டியிருந்தது.
ஊதிவிட்டு
அடுத்த ஆள் வாங்க என்றேன்.