ஏழு இறகு வெங்காயம்

நோன்பு தொடங்கும் திங்களன்று
ஒரு வெங்காயத்தில் ஏழு கோழியிறகு குத்தி
கூரையிலிருந்து நூலில் தொங்கவிடுவோம்.
வாரத்துக்கு ஒன்றாகப் பிடுங்க வேண்டும்.
ஏழும் போனால் உயிர்ப்பு ஞாயிறு.
கிழிக்கக் காகிதம் இல்லாதவர்களின்
நாட்காட்டி அது.

என் கூரை இரும்பு.
"இரண்டே வருடம், சாத்தெனிக்,
அதற்குள் வீடு கட்டித் தந்துவிடுவோம்"
என்றார், காதில் பேனா செருகிய அதிகாரி.
அந்தப் பேனாவும் அவரும்
அவருடைய தேசமும்கூடப் போய்விட்டார்கள்.
பெட்டி இருக்கிறது.
கியூம்ரியின் குளிருக்கு
உள்சுவரெங்கும் உறைபனி பூக்கிறது.
அடுப்பில் செருப்பின் அடித்தோல் எரிகிறது.
அந்த நாற்றத்தோடுதான் என் ஜெபம் மேலே போகும்.
சாம்பிராணிக்கு வசதிப்படவில்லை,
அவருக்குத் தெரியும்.

பதினொன்று நாற்பத்தொன்று.
எங்கள் ஊரில் அந்த நேரத்தை
யாரும் உரக்கச் சொல்வதில்லை.
மூன்றாம் மாடியில் கணக்கு வகுப்பு.

அன்று காலை காய்ச்சல் என்றான் ஆர்தவாஸ்த்.
நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.
பொய், என்றேன்.
புத்தகப்பையை நான்தான் மாட்டிவிட்டேன்.

இந்தக் கையைப் பற்றித்தான்
கடவுளோடு எனக்கு வழக்கு.
மற்றவர்கள் அவரிடம் ஏன் என்று கேட்கிறார்கள்.
நான் கேட்பது வேறு:
உம்முடைய மகனும் போக மாட்டேன் என்றானே,
அந்தத் தோட்டத்தில், முகங்குப்புற விழுந்து,
இந்தப் பாத்திரம் வேண்டாம் என்று.
நீரும்தானே அனுப்பிவைத்தீர்.
அன்றிரவு எப்படித் தூங்கினீர்?

பதில் வந்ததில்லை.
ஆனாலும், என்னை மன்னியுங்கள்,
எதிரில் ஒருவர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதுபோல
ஒரு மௌனம் உண்டு.
காலி அறையின் மௌனம் எனக்குப் பழக்கம்.
இது அதுவல்ல.

வெள்ளியைப் பாடுகிறார்கள். ஞாயிறைப் பாடுகிறார்கள்.
நடுவில் கிடக்கும் சனிக்கிழமையைப் பற்றி
வேதத்தில் அதிகம் எழுதவில்லை.
கல்லறை மூடியிருந்தது. ஓய்ந்திருந்தார்கள். அவ்வளவுதான்.
நான் அங்கேதான் குடியிருக்கிறேன்,
முப்பது வருடத்துக்கு மேலாக,
அதே முகவரியில்.

இந்த வருடம் கணக்குத் தவறிவிட்டது.
ஆறாம் வாரம், நான் பிடுங்குவதற்கு முன்பே
ஓர் இறகு தரையில் கிடந்தது.
அண்ணாந்து பார்த்தேன்.
வெங்காயத்தின் உச்சியில்
விரல் நீளத்துக்குப் பச்சை.
முளைக்கிற அவசரத்தில்
இறகைத் தள்ளிவிட்டிருக்கிறது.

புதுமையா? ஒன்றுமில்லை.
மண்ணும் தண்ணீரும் இல்லாமல்
தன்னையே தின்று முளைக்கும் அது.
செருப்புத் தோலின் சூடு போதும்.
என்றாலும் அன்று முழுக்க
அதற்குக் கீழே போகும்போதெல்லாம்
தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.

நோன்பு முடிந்த காலையில்
தளிரை அரிந்து உப்புத் தூவி,
வெங்காயத் தோலில் வெந்து சிவந்த முட்டை இரண்டோடு
பக்கத்துப் பெட்டிக்குப் போனேன்.
முஷேக்குக்கு நுரையீரல் போய்விட்டது.
கோடையைப் பார்க்க மாட்டார் என்று மருத்துவர்
கதவுக்கு வெளியே வைத்துச் சொன்னார்;
இரும்புக் கதவு, எல்லாம் கேட்கும்.

"கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்தார்" என்றார்,
மூன்று மூச்சில், மூன்று துண்டாக.
இத்தனை வருடமும் அதற்கு
உதட்டை மட்டும் அசைத்து வந்தவள் நான்.
"அவருடைய உயிர்ப்பு..." என்று தொடங்கினேன்.
தொண்டை அடைத்துக்கொண்டது.
மீதியை அவரே சொல்லி முடித்தார்.
ஒருவருக்கு மூச்சில்லை, ஒருத்திக்குக் குரலில்லை.
இரண்டு பேருமாகச் சேர்ந்து
ஒரு வாக்கியத்தைக் கரை சேர்த்தோம்.

பிறகு முட்டையோடு முட்டை மோதினோம்.
அவருடையதுதான் உடைந்தது.
பச்சையைத் தூவித் தின்றபடி
சின்னப் பையனைப்போல முறைத்தார்:
"அடுத்த வருடம் பார், உன்னைத் தோற்கடிக்கிறேன்."

நான் மருத்துவரை நினைத்தேன்.
அந்தக் கதவை நினைத்தேன்.
"சரி" என்றேன்.

வீட்டுக்கு வந்து
அடுப்பில் போட எடுத்த ஏழு இறகையும்
தட்டித் துடைத்து
ஜாடியில் போட்டு மூடி வைத்தேன்.